முசே ரொபேரின் தலையில் விழுந்த மாம்பழம்

1

போன வருஷம் மாங்கனித் திருவிழா அன்றைக்கு நான் முசே ரொபேரின் தலையில் மாம்பழம் எறிந்தேன். வேண்டுமென்று எறியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் என் வாயும் கோபமும் காரைக்காலில் இன்னும் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். "ஆரோக்கியம் பாரிசுக்குப் போயும் திருந்தல" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இன்று காலை தம்பி காரைக்காலிலிருந்து வீடியோ அனுப்பியிருந்தான். பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார், மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாகக் கொட்டுகிறது, கீழே சனம் முந்தானையையும் துண்டையும் விரித்துக்கொண்டு முட்டி மோதுகிறது. தம்பி குரல் மட்டும் கேட்கிறது: "அக்கா, பாத்துக்க! ஒண்ணு மண்டையில வுழுந்துச்சு, நல்லா வீங்கிடுச்சு!" அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. காரைக்காலில் பிறந்தவனுக்கு மாம்பழம் தலையில் விழுந்தால் அது அதிர்ஷ்டம். பாரிசுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது போலீஸ் கேஸ். இந்த வித்தியாசத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், வேதக்காரக் குடும்பம். ஆனாலும் மாங்கனி அன்று எங்கள் வீட்டில் யாரும் உள்ளே உட்கார்ந்திருந்ததில்லை. ஊர்வலம் வருகிற தெருவிலேயே வீடு. எதிரே மாடி வீட்டு ராஜாமணி அக்கா கூடை கூடையாக எறிவார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நிற்பாள். அம்மாவுக்கும் ராஜாமணி அக்காவுக்கும் வருஷம் முழுக்கப் பேச்சு வார்த்தை கிடையாது. அவர்கள் தென்னையின் மட்டை எங்கள் ஓட்டின் மேல் விழுந்த தகராறு. ஆனால் மாங்கனி அன்று அந்த அக்கா கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் பிடித்து, குறி பார்த்துத்தான் எறிவார்கள். அம்மாவும் பிடித்துவிடுவாள். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் தென்னை மட்டைச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எல்லாச் சண்டைக்கும் நடுவில் இப்படி ஒரு நாள் லீவு உண்டு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முசே ரொபேர், நம் பாஷையில் ரொபேர் ஐயா, எங்களுக்கு நேர் கீழ் வீட்டுக்காரர். நாங்கள் மூன்றாவது மாடி, அவர் இரண்டாவது. தனி ஆள், எழுபது தாண்டியவர், ரயில் பாதை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடி வந்த வாரமே ஆரம்பித்துவிட்டார்.

காலையில் சட்னிக்கு மிக்ஸி போட்டால் கீழிருந்து துடைப்பக் கட்டையால் இடிப்பார். கருவாடு வறுத்தால் ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி இருமுவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதுதானே நம் பழக்கம்? ஒவ்வொரு நாளும் எங்கள் செருப்புகள் படியில் உருண்டு தரைத் தளத்தில் கிடக்கும். என் வீட்டுக்காரர் செபஸ்தியான் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சண்டை போடத் தெம்பு இருக்காது. "வுடு ஆரோக்கியம், செருப்பு நடந்து போச்சுன்னு நெனச்சுக்க" என்பார்.

நான் விடுகிற ஆளா? பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கிறவள். படியில் நிறுத்தி முசே ரொபேரை நன்றாகவே திட்டியிருக்கிறேன். என் மகள் கிளாரா அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஏனென்றால் எனக்குப் பிரெஞ்சில் யாரையும் 'நீ' என்று சொல்ல வாய் வராது. வயதில் மூத்தவர் ஆயிற்றே! 'நீங்கள் ஒரு கிறுக்கர், உங்களுக்கு மூளை இருக்கிறதா' என்று வாங்க போங்க போட்டுத்தான் திட்டுவேன். "அம்மா, நீ திட்டுறியா, விருந்துக்குக் கூப்புடுறியா?" என்பாள் அவள்.

ஊரில் ராஜாமணி அக்காவின் மகளிடம் போனில் அழுதேன். "ஏழரைச் சனிதான் ஒங்க கீழ் வூட்டுல குடியிருக்கு. திருநள்ளாறு போறப்ப ஒங்க பேருக்கு ஒரு வெளக்குப் போட்டுட்டு வர்றேன்" என்றாள். போட்டும் விட்டாள், பாவம்.

நானும் என் பங்குக்குக் கோவிலில் பாதரிடம் சொன்னேன். ஆப்பிரிக்காக்காரர், எப்போதும் சிரித்த முகம். "அவருக்காக வேண்டிக்கொண்டீர்களா மதாம்?" என்று கேட்டார். "தினமும் வேண்டிக்கொள்கிறேன், அவருக்கு வேறு ஊரில் நல்ல வீடு கிடைக்க வேண்டும் என்று" என்றேன். பாதர் பூசை உடுப்போடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பகைவரை நேசியுங்கள் என்று ஆண்டவர் சொன்னது எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் முதல் நன்மை வாங்குவதற்கே மனப்பாடம் செய்தது. ஆனால் அந்த வசனத்தில் பகைவர் எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். காலுக்குக் கீழேயே குடியிருந்து கட்டையால் இடிப்பார் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

3

போன வருஷம் மாங்கனிக்கு முதல் நாள் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பெல் போய் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கி வந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர் கடை. பக்கத்துக் கட்டடத்தில் நூர்ஜகான் இருக்கிறாள், காரைக்கால் பள்ளிவாசல் பக்கத்துப் பெண். அவளுக்கும் மாங்கனி என்றால் உயிர். மறுநாள் மதியம் முற்றத்தில் வந்து நின்றுகொண்டு, துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, "அக்கா, எறிங்க அக்கா! இந்த வருசமாச்சும் எனக்கு வேல கெடைக்கணும்!" என்று கத்தினாள்.

எனக்கு என்ன வந்ததோ! வெயில் அடித்த நாள், முற்றத்தில் அராபியப் பிள்ளைகள், மாலி நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதல் பழத்தை எறிந்தேன். நூர்ஜகான் பிடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாவதை எறிகிற நேரம் பார்த்து, என்ன சத்தம் என்று கேட்க முசே ரொபேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

நல்ல பழுத்த பழம். வழுக்கைத் தலை. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

முற்றமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அதுதான் தப்பாகப் போயிற்று. கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது. ஓர் இளம்பெண்ணும் ஒரு பையனும். எதை எறிந்தீர்கள் என்றார்கள். மாம்பழம் என்றேன். எதற்கு என்றார்கள். புனிதவதி என்கிற ஒரு பெண்ணிடம் புருஷன் இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்பியதிலிருந்து ஆரம்பித்து, பசியோடு வந்த அடியாருக்கு அவள் ஒன்றைக் கொடுத்தது, புருஷன் அதைக் கேட்டபோது சிவபெருமான் அவள் கையில் வேறு பழம் வரவழைத்தது என்று முழுக் கதையையும் என் பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்படியானால் நீங்கள் இந்துவா மதாம்?"

"இல்லை, கத்தோலிக்கச்சி" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் நான் மன்னிப்புக் கேட்க நல்ல பழமாக இரண்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன். கதவு திறந்தது, பழத்தைப் பார்த்தது, மூடிக்கொண்டது. அத்தோடு போயிருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன்.

கிளாரா நூலகத்திலிருந்து திரும்பி வரும்போது படியில் முசே ரொபேர் அவளை மறித்திருக்கிறார். "மேலே உட்கார்ந்துகொண்டு பழம் எறிவது குரங்குகள். நீங்கள் எல்லோரும் காட்டுக்கே போய்விடுங்கள்" என்றாராம். கிளாராவுக்கு அப்போது பதினைந்து வயது. கைப்பேசியை எடுத்து, "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றிருக்கிறாள். அந்த மனுஷரும் சளைக்காமல் இன்னொரு தடவை சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குள் வந்தவள் அழவில்லை. பையைக் கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். என்னைச் சொல்லியிருந்தால் படியிறங்கிப் போய் நாலு கேட்டிருப்பேன். என் பிள்ளையைச் சொன்னதும் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி வைக்கத்தான் முடிந்தது.

4

முசே ரொபேர் குடியிருப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தார். சமரசப் பேச்சுக்கு மேரிக்கு வரச் சொல்லித் தபால் வந்தது. நகராட்சியைத்தான் சொல்கிறேன். என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காரைக்காலில் கடைசி வரைக்கும் "மேரிக்குப் போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார். அவருடைய பட்டாளத்துக் காகிதத்தால்தான் நாங்களே இங்கே வந்தோம். தபாலில் 'எறியப்பட்ட பொருள்: மாம்பழம்' என்று போட்டிருந்தது. செபஸ்தியான் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்விட்டார்.

கிளாரா சிரிக்கவில்லை. "இந்தப் பதிவ அங்க குடுத்தா அவர வீட்டக் காலி பண்ண வச்சிடுவாங்க. எங்க வாத்தியார்கிட்ட கேட்டுட்டேன்" என்றாள்.

"அந்த வயசுல எங்க போவாரு?"

"நம்மள மட்டும் போகச் சொன்னாரே, நாம எங்க போவோம்?"

"மன்னிச்சு வுடுறதுதான்டி நம்ம வேதம்..."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அவர் உன்னச் சொல்லல அம்மா. என்னச் சொன்னாரு. எனக்குப் பதிலா நீ எப்படி மன்னிப்ப?"

இரண்டு வருஷமாகவே ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர அவளுக்கு ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். தமிழில் கேட்டால் பாதி நேரம் பிரெஞ்சில்தான் பதில் வரும். இப்போது நான் அந்த மனுஷரைக் காப்பாற்ற அவள் வாயை மூடினால், இவள் என்னையும் நம்ப மாட்டாள், நான் கும்பிடுகிற ஆண்டவரையும் நம்ப மாட்டாள். மூடாவிட்டால் ஒரு கிழவர் நடுத்தெருவில் நிற்பார். அந்த வாரம் முழுக்க உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமலேயே சமைத்தேன். அவரைத் திட்டினேன், ஆண்டவரையும் இரண்டு வார்த்தை கேட்டேன்.

மேரியில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் நாங்கள்: நான், செபஸ்தியான், கிளாரா, சாட்சி சொல்ல நூர்ஜகான். நாற்காலி பத்தாமல் அவள் நின்றாள். அந்தப் பக்கம் வரிசையாக நாற்காலிகள், நடுவில் முசே ரொபேர் ஒருவர் மட்டும். துணைக்கு ஆள் அழைத்து வரலாம் என்று அவருடைய தபாலிலும் போட்டிருந்திருக்கும். அவருக்கு யாரும் இல்லை. பழைய கோட்டைத் தேய்த்துப் போட்டிருந்தார். இருக்கிற நாலு முடியையும் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார்.

தென்னை மட்டை விவகாரம் எங்கள் தெருவில் பஞ்சாயத்துக்கு வந்த நாள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ராஜாமணி அக்காவின் வீட்டுக்காரர் அப்போது கப்பலில் இருந்தார். அந்த அக்கா தனியாக வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒருத்தரை வைத்துப் பேசக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் அம்மாவே, "சே, என்ன சனமோ" என்று எழுந்து போய் அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்துகொண்டேதான் அவர்களைத் திட்டினாள்.

நான் யோசித்து எழுந்தேன் என்று சொன்னால் பொய். கால் தானாகப் போனது. மேசையைச் சுற்றிப் போய் முசே ரொபேர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் தன் நாற்காலியை க்ரீச் என்று ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மதாம், உங்கள் இடம் அந்தப் பக்கம்" என்றார் பேச்சு நடத்த வந்த இளைஞர்.

"தெரியும். இவர் பக்கம் ஆள் இல்லை. ஆள் இல்லாமல் எங்கள் ஊரில் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள்."

"அடியே, என்னடி பண்ற நீ?" என்றார் செபஸ்தியான் தமிழில்.

"அல்லாவே, அக்கா கட்சி மாறிட்டாங்க" என்றாள் நூர்ஜகான்.

நான் முசே ரொபேர் பக்கம் திரும்பினேன். "உங்கள் தலையில் பழம் விழுந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சிரித்ததற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது என் மகள் ஒன்று போட்டுக் காட்டுவாள். கேட்கக் கஷ்டமாக இருக்கும். தனியாகக் கேட்க வேண்டாம் என்றுதான் இங்கே உட்கார்ந்தேன்."

பிறகு கிளாராவைப் பார்த்தேன். "போடு" என்றேன்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போட்டாள். முசே ரொபேரின் குரல் அந்த அறையில் கேட்டது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்ததால் அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

இது பெரிய குற்றம், பதிவைக் கொடுத்தால் வீடு போகிற அளவுக்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றார் இளைஞர். எல்லோரும் கிளாராவைப் பார்த்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"நான் எங்கே பிறந்தேன் தெரியுமா முசே?" என்று கேட்டாள் கிளாரா.

அவர் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

"இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரியில். இப்போது சொல்லுங்கள், நான் எங்கே போக வேண்டும்?"

அவர், "மன்னிக்கவும்" என்றார். மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"யாரிடம் சொல்கிறீர்கள்?"

தலை நிமிர்ந்தது. "உங்களிடம், மத்மோசெல். அது கெட்ட வார்த்தை. சொல்லியிருக்கக் கூடாது."

கிளாரா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். "இதை நான் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அழிக்கவும் மாட்டேன்."

எனக்கு அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் அந்தப் பக்கத்து ஆளாயிற்றே, உட்கார்ந்திருந்தேன்.

5

அதற்குப் பிறகு முசே ரொபேர் தேவதூதர் ஆகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மிக்ஸி போட்டால் இன்னும் இடிக்கிறார், கொஞ்சம் மெதுவாக. செருப்புகள் மட்டும் நடந்து போவதை நிறுத்திவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் பளபளவென்று கழுவி வந்தது. "காரம் அதிகம்" என்றார். "எங்கள் ஊரில் அடுத்த வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம்" என்றேன். சும்மா வாய்க்கொழுப்புக்குச் சொன்னது. அடுத்த தடவை கிண்ணத்துக்குள் ஓர் உருளைக்கிழங்கு இருந்தது. பச்சையாக, ஒரே ஒன்று. அதை வறுத்து நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டோம். கிளாரா தன் பங்கைத் தொடவில்லை.

வருஷம் முழுக்க அவள் அவருக்கு ஒரு 'போன்ழூர்', ஒரு வணக்கம் கூடச் சொல்லவில்லை. படியில் பார்த்தால் சுவர் ஓரமாகப் போய்விடுவாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழம்பு கொடுப்பது என் பாடு. அவள் மனசு அவள் பாடு. ராத்திரி செபம் சொல்லும்போது இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்று மதியம் மறுபடியும் மாங்கனி. நூர்ஜகான் கீழே துப்பட்டாவோடு தயார். வேலை கிடைத்துவிட்டது, இந்த வருஷம் வீடு வேண்டுமாம். பிள்ளைகள் எல்லாம் தொப்பியும் பையுமாகக் காத்திருந்தார்கள். போன வருஷத்துப் பாடம் மறக்குமா? துடைப்பக் கட்டையை எடுத்து நான் என் தரையில் இடித்தேன். முசே ரொபேருக்கு எச்சரிக்கை.

கீழே ஜன்னல் திறந்தது. ரயில் பாதை வேலையில் போட்ட மஞ்சள் தலைக்கவசத்தோடு அவர் தலை வெளியே வந்தது. பிறகு ஒரு கை வந்தது. கையில் கீரை அலசுகிற வலைக்கூடை. முற்றம் முழுக்க ஒரே சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை, கூடையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

நான் ஒரு பழத்தை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. கிளாரா.

"அடியே, பாத்து..." என்றேன். காய்ப் பதம், கல் மாதிரிப் பழம். கோபத்தில் எறிந்தால் கவசம் கூடத் தாங்காது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "முசே ரொபேர்! அந்தத் தொப்பியைக் கழற்றுங்கள்."

அவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். அவளா என்று ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு கவசத்தைக் கழற்றிவிட்டார். வெயிலில் அந்த வழுக்கைத் தலை பளிச்சென்று தெரிந்தது.

கிளாரா கை எட்டுகிற மட்டும் கீழே நீட்டி, பழத்தை மெல்ல விட்டாள். நேரே கூடைக்குள் விழுந்தது.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவர் பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "இது பழுக்கவில்லை" என்றார். அந்த மனுஷருக்கு நல்ல வார்த்தை எங்கிருந்து வரும்!

"அரிசிக்குள் புதைத்து வையுங்கள், இரண்டு நாளில் பழுத்துவிடும்" என்றாள் கிளாரா.

"என்னிடம் அரிசி இல்லை."

அவள் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அந்தக் கிண்ணத்துல கொஞ்சம் அரிசி குடு" என்றாள், தமிழில். "நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்."

கிண்ணம் நிறைய அள்ளிக் கொடுத்தேன். இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கிப் போனாள். கீழே மணி அடிக்கிற சத்தம் கேட்டது. கதவு உடனே திறந்தது.